எதற்காக வந்தீர்கள்?

(வேலைக்காக வெளியூரும் வெளிநாடும் செல்லவிருக்கும் இளைஞர்களுக்காகத் திருச்சியில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கினாலும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குடிநுழைவு அதிகாரி பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்: எதற்காக வந்தீர்கள்? அதற்கு நாம் சொல்லும் பதில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகாது. இன்று நான் பேசப்போவது அந்த இரண்டு மூன்று சொற்களைப் பற்றி.

ஆங்கிலம் சரளமாகப் பேசக் கற்றுத்தரும் வகுப்புகள் இங்கே தில்லைநகரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்த வேலையை நான் செய்யப்போவதில்லை. தான் செய்யப்போகும் காரியத்துக்கு ஆங்கிலத்தில் சரியான பெயர் என்ன என்று தெரிந்துகொண்டு, அந்தப் பெயரை மட்டும் சொல்லத் தெரிந்தவன், சரளமாகப் பேசுகிறவனைவிடப் பாதுகாப்பாகப் போய்த் திரும்புகிறான். இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வேலைப் பயணத்துக்கான ஆங்கிலச் சொற்கள் ஐ.டி. கம்பெனிகளோடு தமிழ்நாட்டுக்கு வந்தவை என்று பலர் நினைக்கிறார்கள். அவை நம் தாத்தா காலத்துக்கு முன்பே வருவாய்த் துறையோடு வந்தவை. ஆங்கிலேயர் ஆட்சியில் கலெக்டர் என்பவர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் அல்லர். குதிரையும் கூடாரமுமாக மாவட்டத்துக்குள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவர். ஜமாபந்தி நடத்துவார், ஏரி உடைப்பைப் பார்ப்பார், கணக்குப்பிள்ளையின் ஏடுகளைப் புரட்டுவார். இந்தப் பயணத்துக்குப் பெயர் டூர். தங்கும் இடம் கேம்ப். கூடவே போகும் எழுத்தர் கேம்ப் கிளார்க். வழியில் ஓர் ஊரில் தங்கினால் ஹால்ட். பயணிகள் தங்கக் கட்டிய டிராவலர்ஸ் பங்களா ஊர் வாயில் டி.பி. ஆயிற்று. ஊர் ஊராகப் போய் நீதி விசாரித்தவர்களின் சர்க்யூட்டிலிருந்து சர்க்யூட் ஹவுஸ் வந்தது. இன்றைக்கும் ஓர் உயர் அதிகாரி வெளியூரிலிருந்து எழுதும் கடிதத்தின் மேல் மூலையில் ‘முகாம்: மதுரை’ என்று இருப்பதைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அது அந்தக் கூடாரத்தின் மிச்சம்.

இந்தச் சொற்களை ஆட்சித் தமிழ் எவ்வளவு கவனமாகக் கையாண்டது என்பதையும் சொல்ல வேண்டும். டிராவலிங் அலவன்ஸ், டெய்லி அலவன்ஸ், டியர்னெஸ் அலவன்ஸ் என்று மூன்று உண்டு. சுருக்கி எழுதினால் தமிழில் மூன்றுமே டி.ஏ. ஆகிவிடும். எந்த டி.ஏ. என்று கருவூலத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பயணப்படி, தினப்படி, அகவிலைப்படி என்று பிரித்தவர்கள் அந்தக் குழப்பத்தை ஒரே வீச்சில் தீர்த்துவிட்டார்கள். அதேபோல, அலுவல் காரணமாகப் போவது சுற்றுப்பயணம், பார்க்கப் போவது சுற்றுலா. முதலமைச்சர் சுற்றுலா போகிறார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடைக்கானலுக்குச் சுற்றுப்பயணம் போனார்கள் என்றால் காதுக்கு ஏதோ இடறும்.

தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம், ஆங்கிலத்துக்குப் போனதும் இரண்டையும் டூர் என்றுதான் சொல்கிறோம். பொதுப்பணித் துறைப் பொறியாளரின் வீட்டுக்குப் போன் செய்தால் ‘சார் டூர் போயிருக்காங்க’ என்பார்கள். நமக்குப் புரியும். ஆனால் அதே பொறியாளர் ஒரு பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போய், குடிநுழைவு மேசையில் ‘ஐயாம் ஆன் டூர்’ என்று சொன்னால், அங்கே இருப்பவர் காதில் விழுவது சுற்றுலா. கையில் இருப்பது பயிற்சிக்கான அழைப்புக் கடிதம், வாயில் வருவது சுற்றுலா. அடுத்த கேள்வி அங்கிருந்துதான் தொடங்கும். ‘பிசினஸ் ட்ரிப்’ என்று சொல்லியிருக்கலாம். அதைவிட நல்லது, ‘இரண்டு வாரப் பயிற்சிக்கு வந்திருக்கிறேன்’ என்று நிறுவனத்தின் பெயரோடு எளிய ஆங்கிலத்தில் சொல்வது.

இப்படி நம் ஊர் அலுவலகங்களில் மட்டும் செலவாகும் ஆங்கிலச் சொற்கள் இன்னும் சில உண்டு. ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பது ராணுவக் குடியிருப்புகளும் சிவில் ஸ்டேஷன்களும் இருந்த காலத்துச் சொல். லண்டன்காரரிடம் சொன்னால் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறீர்களா என்று யோசிப்பார். ‘டெபுடேஷன்’ என்றால் நமக்கு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தற்காலிகமாக அனுப்பப்படுவது. வெளிநாட்டில் அந்தச் சொல்லுக்கு மனுக் கொடுக்கப் போகும் தூதுக்குழு என்று பொருள். அவர்கள் சொல்வது ‘செகண்ட்மென்ட்’. இந்தச் சொற்களை விட்டுவிடச் சொல்லவில்லை. நம் அலுவலகத்துக்குள் அவை தாராளமாக இருக்கட்டும், பல தலைமுறை உழைத்த சொற்கள் அவை. எல்லை தாண்டும்போது மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, இன்றைய பேச்சின் நடுப்புள்ளிக்கு வருகிறேன். வொர்க், பிசினஸ், எம்ப்ளாய்மென்ட், விசிட். அன்றாடப் பேச்சில் இந்த நான்கும் ஒன்றோடொன்று கலந்துகிடக்கின்றன. ‘கம்பெனி வேலையா அமெரிக்கா போறேன்’ என்று தமிழில் சொல்கிறோம். அது கூட்டத்துக்குப் போவதாகவும் இருக்கலாம், இரண்டு வருடம் தங்கி நிரல் எழுதுவதாகவும் இருக்கலாம். தமிழில் ‘வேலை’ இரண்டையும் தாங்கும். குடிநுழைவுச் சட்டம் தாங்காது. அந்தச் சட்டத்தில் பிசினஸ் என்றால் பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், மாநாடு, ஆலோசனை. வொர்க், எம்ப்ளாய்மென்ட் என்றால் அந்த நாட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து செய்யக்கூடிய உழைப்பை நீங்கள் போய்ச் செய்வது.

இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1980-களில் கலிபோர்னியாவில் ஒரு தங்கச் சுரங்க நிறுவனம், தாதுவைப் பதப்படுத்தும் ஆலைக்காக மேற்கு ஜெர்மனியிலிருந்து கருவிகளை வாங்கியது. அவற்றை நிறுவும் வேலையில் செங்கல் அடுக்குவதும் இருந்தது. அதற்கு ஜெர்மானியக் கொத்தனார்கள் பி-1 என்ற பிசினஸ் விசாவில் வந்தார்கள். அன்றைய குடிநுழைவுத் துறையின் உள் வழிகாட்டுதலும், வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவியை நிறுவ வருபவர்களுக்கு அந்த விசா போதும் என்று அனுமதித்திருந்தது. அமெரிக்கக் கொத்தனார் சங்கம் வழக்குப் போட்டது. செங்கல் அடுக்குவது எங்கள் ஆட்கள் செய்யும் கூலி வேலை, அதை எப்படி பிசினஸ் என்று சொல்லலாம் என்பதுதான் கேள்வி. நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. இதையொட்டி வந்த விதி இன்றும் இருக்கிறது: வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திரத்தை ஒப்பந்தப்படி நிறுவலாம், பழுது பார்க்கலாம், கட்டுமான வேலை கூடாது, மேற்பார்வை பார்க்கலாம், உள்ளூர் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். ஆக, இன்ஸ்டால் செய்ய வந்தேன் என்பதற்கும் கன்ஸ்ட்ரக்‌ஷன் செய்ய வந்தேன் என்பதற்கும், சூப்பர்வைஸ் செய்ய வந்தேன் என்பதற்கும் சட்டத்தில் தனித்தனி வாசல். கோயம்புத்தூரிலிருந்து இயந்திரங்களை ஏற்றுமதி செய்து, கூடவே ஃபிட்டர்களை அனுப்புகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

நம் நாடும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. இங்கே மின் நிலையக் கட்டுமானம் போன்ற பணிகளில் பிசினஸ் விசாவோடு வேலை செய்துவந்த வெளிநாட்டினர், பெரும்பாலும் சீனர்கள், திரும்பிப் போய் எம்ப்ளாய்மென்ட் விசாவோடு வர வேண்டும் என்று 2009-ல் மத்திய அரசு சொல்லிவிட்டது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, ‘அப்படியானால் வொர்க் என்ற சொல்லையே தவிர்த்துவிட்டால் போயிற்றே’ என்று கேட்கலாம். பல ஏஜென்டுகளும், சில நிறுவனங்களின் அலுவலர்களும்கூட அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 2013 அக்டோபரில் அமெரிக்க அரசுக்கும் இன்ஃபோசிஸ் நிறுவனத்துக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பி-1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக அரசு சொன்ன குற்றச்சாட்டைத் தீர்க்க நிறுவனம் 3 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. திட்டமிட்ட விசா மோசடி என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அரசுத் தரப்பு முன்வைத்த விவரங்களில் ஒன்று நம் பேச்சுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அழைப்புக் கடிதங்களில் வொர்க் போன்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம், வேலை என்று தொனிக்கும் எதையும் குறிப்பிட வேண்டாம் என்று ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு தரப்பட்டிருந்தது என்பதே அது. சொல்லை மாற்றினால் செய்யும் காரியம் மாறாது. அந்த அளவு பெரிய நிறுவனம் காசு கட்டி வெளியே வந்துவிடும். தனியாளாகப் போகும் நம் பிள்ளைக்குக் கிடைப்பது திருப்பி அனுப்பும் முத்திரையும், பிறகு எந்த விசா விண்ணப்பத்திலும் மறைக்க முடியாத ஒரு பதிவும்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். போய் என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் தமிழில், ஒரே வாக்கியத்தில், எழுதிப் பாருங்கள். ‘கத்தாரில் ஒரு மருத்துவமனையில் குளிர்சாதன இயந்திரங்களைப் பராமரிக்கப் போகிறேன், இரண்டு வருட ஒப்பந்தம்.’ இப்படி எழுதியதும், எந்த விசா வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். அதற்கப்புறம்தான் ஆங்கிலம். இந்த வாக்கியத்தைச் சொல்லவே கூச்சமாகவோ பயமாகவோ இருந்தால், தவறு ஆங்கிலத்தில் இல்லை, கையில் இருக்கும் விசாவில் இருக்கிறது.

வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ‘விசிட்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று இருக்கும். அவர்கள் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அமீரகம், சவூதி, குவைத், ஓமன், கத்தார், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அனுமதி கேட்டால் ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், முதலாளி யார் என்று பார்ப்பார்கள், காப்பீடு எடுக்கச் சொல்வார்கள். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற அந்தக் காப்பீடு, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் தரும். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். இவ்வளவும் எம்ப்ளாய்மென்ட் என்ற ஒரு சொல்லோடு சேர்ந்து வருகிறது. அதை மாற்றி விசிட் என்று போட்டுவிட்டால் அனுமதி தேவையில்லை, ஒப்பந்தம் யாரும் பார்க்கப்போவதில்லை, காப்பீடும் இல்லை. ‘விசிட்ல போயிடு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்’ என்று ஏஜென்ட் சொல்வது உங்கள் அலைச்சலைக் குறைக்க அல்ல. அவர் மேல் எந்தத் தாளும் திரும்பி வராமல் இருக்க.

இது வெறும் காகிதப் பிரச்சினை இல்லை என்பதை 2022-ல் கண்ணாரப் பார்த்தோம். அந்த ஆண்டு செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று சமூக ஊடகங்களிலும் ஏஜென்டுகள் மூலமாகவும் இளைஞர்களை ஈர்த்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், அடைத்துவைத்து, இணைய மோசடி வேலை வாங்குகிறார்கள் என்று. போனவர்கள் படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள். அந்த அக்டோபரில் முதல் தொகுதியாக 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அந்தப் பதவியின் பெயரைப் பாருங்கள். எவ்வளவு நீளம், எவ்வளவு பளபளப்பு. ஆனால் கையில் கொடுத்தது போய் இறங்கியதும் கிடைக்கும் சுற்றுலா விசா. அதில் வேலை பார்க்கவே அனுமதி கிடையாது. பதவியின் பெயர் ஒன்று சொல்கிறது, விசாவின் பெயர் வேறொன்று சொல்கிறது என்றால், உண்மையைச் சொல்வது விசாதான். இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் எனக்குப் போதும்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அங்கே வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தால், கொள்கையளவில் அனுமதி உண்டு என்று முன்கூட்டியே ஒரு கடிதம் வரும். நீங்கள் ஐ.பி.ஏ. என்று சொல்வது அதைத்தான். அந்தக் கடிதம் தொழிலாளியின் தாய்மொழியிலும் தரப்பட வேண்டும் என்பது அங்குள்ள மனிதவள அமைச்சகத்தின் ஏற்பாடு. ஆகவே தமிழில் கேட்டு வாங்கலாம். எங்கள் தெருப் பையன் ஒருவன் சமீபத்தில் தன் ஐ.பி.ஏ.வைக் கைபேசியில் காட்டினான். சம்பளம் எவ்வளவு என்றேன். ஏஜென்ட் சொன்ன தொகையைச் சொன்னான். கடிதத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தோம். பேசிக் மந்த்லி சாலரி என்று ஒரு வரி. அலவன்ஸ் என்று ஒரு வரி. டிடக்‌ஷன் என்று இன்னொரு வரி. அவன் சொன்ன தொகை பேசிக்கும் அலவன்ஸும் சேர்ந்தது. தங்குமிடத்துக்கான பிடித்தம் அவன் கணக்கிலேயே இல்லை. அதோடு, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்பதை அங்கே பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அலவன்ஸைக் கூட்டி பேசிக்கைக் குறைத்துக் காட்டினால் ஓவர்டைம் சுருங்கிவிடும். அந்த மூன்று சொல்லும் பிளஸ் டூ படித்த அவனுக்குத் தெரிந்தவைதான். ஆனால் அந்தத் தாளில் அவை என்ன செய்கின்றன என்று அவனுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. ஊருக்கு நாலு பேர் இப்படி உட்கார்ந்து சொல்ல முன்வந்தால் எத்தனையோ வீடுகளில் கடன் குறையும். கடிதத்தில் எழுதிய சம்பளத்தைத் தொழிலாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளி குறைக்க முடியாது என்பதையும் அவனிடம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்து விசா ஸ்டிக்கர். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை என்று இரண்டு தேதி இருக்கும். அது வேலிடிட்டி. பக்கத்தில் ‘டியூரேஷன் ஆஃப் ஸ்டே’ என்று நாள் கணக்கு இருக்கும். தேதிகளுக்கு இடையில் 25 நாள் இருக்கலாம், தங்கும் நாள் 10 என்று போட்டிருக்கலாம். நீங்கள் தங்க முடிந்தது 10 நாள்தான். விமானம் தள்ளிப்போனால் சமாளிப்பதற்காகத் தேதியில் 15 நாள் கூடுதலாகக் கொடுப்பது அங்குள்ள வழக்கம், அதைத் தங்குவதற்கான அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் இது இன்னும் விலகி நிற்கும். விசா பத்து வருடத்துக்குக்கூட இருக்கலாம். எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கும்போது ஐ-94 என்ற பதிவில் போடுகிறார்கள், அந்தத் தேதிதான் கணக்கு. ‘என்ட்ரி’ என்ற சொல்லையும் பாருங்கள். ஒற்றை நுழைவு விசாவில் பாரிஸ் போன ஒருவர், நடுவில் இரண்டு நாள் லண்டன் கிளையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பாரிஸ் போக முடியாது. பிரிட்டன் ஷெங்கன் நாடு அல்ல. வெளியே போனதும் அந்த ஒரு நுழைவு தீர்ந்துவிட்டது.

டிக்கெட்டில் ஒன்றிரண்டு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். நான்-ஸ்டாப் என்றால் நடுவில் எங்கும் இறங்காது. டைரக்ட் என்றால் ஒரே விமான எண், ஆனால் வழியில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். ‘ஆப்பரேட்டட் பை’ என்று வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், டிக்கெட் விற்றவர் வேறு, விமானம் ஓட்டுபவர் வேறு. எந்த கவுன்டருக்குப் போக வேண்டும், எவ்வளவு பெட்டி எடுத்துப் போகலாம் என்பதை அந்தப் பெயரை வைத்து விசாரியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது நள்ளிரவு. நம் ஊரிலிருந்து பல விமானங்கள் நடு இரவுக்கு மேல் கிளம்புகின்றன. 15-ஆம் தேதி 00.15 என்றோ 12.15 ஏ.எம். என்றோ இருந்தால், வீட்டைவிட்டு 14-ஆம் தேதி மாலை கிளம்ப வேண்டும். நமக்கு நாள் என்பது விடியலில் தொடங்குவது, அதனால்தான் 15-ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. தெரிந்தவர் யார் பயணம் போனாலும் டிக்கெட்டை வாங்கி இந்த ஒரு வரியைப் பார்த்துக் கொடுங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் போட்டு, தேதியைப் பின்னால் போடுவார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. மின்னஞ்சலில் மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் குழப்பம் வராது.

உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி. வேலைக்காகப் பயணம் போவதும், வேலைக்குப் போவதற்காகப் பயணம் செய்வதும் வேறு வேறு. பின்னதை ஆங்கிலத்தில் கம்யூட் என்கிறார்கள். சைக்கிளில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தொழிலாளி, ஆலை வாசலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் லாரி மோதி அடிபட்டார். அது வேலையின்போது ஏற்பட்ட விபத்து ஆகாது, ஈ.எஸ்.ஐ. இழப்பீடு கிடையாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிறகு 2010-ல் சட்டத்தைத் திருத்தி 51-இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்தும், நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலையில் நேர்ந்த காயமாகவே கொள்ளப்படும் என்று ஆயிற்று. விபத்துக்குப் பின் எழுதும் அறிக்கையில் ‘சொந்த வேலையாகப் போனேன்’, ‘டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன்’ என்ற இரண்டில் எது இருக்கிறது என்பதில் ஒரு குடும்பத்தின் கஞ்சி இருக்கிறது. வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டிலும் இதே கதைதான். பல பாலிசிகள் உடலுழைப்பு வேலையின்போது ஏற்படும் காயத்தை ஏற்பதில்லை. ஃபிட்டராகப் போகிறவர் சாதாரண பிசினஸ் பாலிசி எடுத்துக்கொண்டு போவதில் பயன் இல்லை. மேனுவல் வொர்க் என்று பாலிசியில் எங்கே வருகிறது, சேர்த்தா விலக்கியா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, பயத்தைப் பற்றி. ஆங்கிலம் கேட்கிற இடத்தில் நம்மவர்கள் புரியாவிட்டாலும் எஸ் சொல்லிவிடுகிறார்கள். திரும்பக் கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற கூச்சம். பயணமே தொழிலாக உள்ளவர்கள் இதில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். 1977 மார்ச் 27 அன்று தெனெரிஃப் தீவில் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் முதலாகக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, டச்சு விமானத்திலிருந்து வந்த ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர்கள் கருத்து. கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர். அதற்குப் பிறகு விமானத் துறை ஒரு விதியை ஏற்றது. டேக்-ஆஃப் என்ற சொல்லைக் கிளம்புவதற்கான அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் உச்சரிக்கலாம். மற்ற எல்லா இடத்திலும் டிபார்ச்சர். கப்பல்காரர்களுக்கும் இப்படி ஒரு சொல்தொகுப்பு இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்டது. மே, கேன், ஷுட் போன்ற, இருபொருள் தரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது அது. கேட்பது கேள்வியா, வேண்டுகோளா, எச்சரிக்கையா என்பதை முதலிலேயே ஒரு சொல்லால் அறிவித்துவிட்டுப் பேசச் சொல்கிறது. ஒரு பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால், கேப்டனாக இருந்தாலும், ‘சே அகெய்ன்’ என்றுதான் சொல்ல வேண்டும். முந்நூறு உயிர்களைச் சுமந்துகொண்டு போகிறவர் கூச்சப்படாமல் திரும்பக் கேட்கிறார். நீங்களும் கேளுங்கள். ‘சாரி, கேன் யூ சே தட் ஸ்லோலி?’ என்று கேட்டதற்காக எவரையும் எந்த நாடும் திருப்பி அனுப்பியதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதும் தவறல்ல. புரியாத கேள்விக்கு எஸ் சொல்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த எஸ் பதிவாகிவிடும்.

வெளிநாடு போகப்போகிற நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் உங்கள் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. ரசீது கேளுங்கள். விசாத் தாள் வந்ததும் உங்கள் பெயரை அடுத்து எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்து, நீங்கள் தமிழில் எழுதிவைத்த அந்த ஒரு வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விமானம் ஏறாதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. அயலகத் தமிழர்களுக்காக மாநில அரசு ஓர் ஆணையரகமும் வைத்திருக்கிறது. இரண்டு இடத்திலும் தமிழிலேயே கேட்கலாம்.